அப்பத்தா நடிக்கவில்லை

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு மனத்தாங்கல் ஏற்பட்டது. அதற்குக் காரணம் என் அப்பத்தாவின் கண்.

ஒரு நாள் மாலை அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லை நோக்கி ஓரமாக ஒரு கோழி ஓடியது. உடனே "சூ, சூ" என்று கையை வீசி விரட்டினார். சற்று நேரத்தில் என் சின்னம்மா ஊரிலிருந்து வந்து வாசலில் நின்றார். அப்பத்தா அவரை நேருக்கு நேர் பார்த்தார். ஆனால் "வாம்மா" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சின்னம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஓடுற கோழி தெரியுது, நான் நிக்கிறது மட்டும் தெரியலையாக்கும்! வேண்டியவங்க வந்தாத்தான் கண்ணு தெரியும்போல" என்றார். குரலைக் கேட்ட பிறகுதான் அப்பத்தா, "யாரு, நீயாம்மா?" என்று பதறி எழுந்தார். அதை யாரும் நம்பவில்லை. அப்பத்தா நடிக்கிறார் என்றே எல்லோரும் எண்ணினோம். நானும்தான்.

அவர் நடிக்கவில்லை என்பதை நான் தெரிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து. கண்ணின் அமைப்பைப் பற்றி ஒரு நூலைப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கோழியும் சின்னம்மாவும் நினைவுக்கு வந்தார்கள். அப்போது அப்பத்தா உயிரோடில்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கக்கூடும். "குண்டூசி கீழே விழுந்தால் கண்டுபிடிக்கிறார், செய்தித்தாள் படிக்க முடியவில்லை என்கிறார்" என்று யாரேனும் குறை சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். ஒருவருக்கு ஓடும் கோழி தெரிந்து, எதிரே நிற்கும் மனிதரின் முகம் தெரியாமல் போக முடியுமா? முடியும். எப்படி என்பதை உங்கள் கண்ணைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

கட்டைவிரல் அளவு உலகம்

இந்தப் பக்கத்தில் ஏதாவது ஒரு சொல்லின்மேல் பார்வையை அசையாமல் நிறுத்துங்கள். இப்போது பார்வையை நகர்த்தாமல், அதே வரியில் நான்கு சொற்கள் தள்ளி இருக்கும் சொல்லைப் படிக்க முயலுங்கள். அங்கே எழுத்துகள் இருப்பது தெரியும். கறுப்பாக ஏதோ வரிசையாக நிற்பது தெரியும். என்ன சொல் என்பது மட்டும் தெரியாது!

நாம் எதிரே உள்ள காட்சி முழுவதையும் தெளிவாகப் பார்ப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் எந்த ஒரு கணத்திலும் நாம் மிகத் தெளிவாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அதன் நகம் எவ்வளவு அகலம் தோன்றுமோ, ஏறத்தாழ அவ்வளவுதான். சுமார் 2 பாகைக் கோணம். கண்ணை அங்குமிங்கும் ஓட்டி, இந்தச் சிறிய தெளிவைக் காட்சி முழுவதும் பூசிக்கொள்கிறோம்.

இந்தத் தெளிவுக்குக் காரணம் விழித்திரையின் நடுவில் உள்ள ஒரு பகுதி. அதற்கு மஞ்சட்புள்ளி என்று பெயர். குறுக்களவு ஐந்தரை மில்லிமீட்டர்தான். அதன் மையத்தில் ஒரு சிறு குழிவு உண்டு. கூம்பு வடிவ உணர்செல்கள் அங்கே மிக நெருக்கமாக அடைந்து கிடக்கின்றன. படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, முகத்தை அடையாளம் காண்பது எல்லாம் இந்தக் குழிவின் வேலை. விழித்திரையின் ஓரங்களோ வேறு வேலைக்காக அமைந்தவை. அங்கே கோல் வடிவச் செல்கள் மிகுதி. அசைவையும் மங்கலான ஒளியையும் அவை நன்றாக உணரும். நுட்பமான உருவத்தை அல்ல. இருட்டில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தை நேராகப் பார்ப்பதைவிடச் சற்று ஓரமாகப் பார்த்தால் கூடுதல் விண்மீன்கள் தெரிவது இதனால்தான். இன்றிரவு மேகம் இல்லையென்றால் அந்தக் கூட்டத்தையோ வேறு மங்கலான விண்மீனையோ இப்படிப் பார்த்துச் சோதியுங்கள்.

முதுமையில் சிலருக்கு இந்த மஞ்சட்புள்ளி மட்டும் தேய்ந்துபோகிறது. உணர்செல்களுக்கு அடியில் கழிவுப் பொருள்கள் சிறு சிறு திட்டுகளாகப் படிகின்றன. மெல்ல மெல்ல அந்தச் செல்கள் பட்டுப்போகின்றன. அப்போது பார்வையின் நடுவில் ஒரு மங்கலான மறைப்பு விழுகிறது. எதை நேராகப் பார்க்கிறார்களோ அதுதான் மறையும்; ஓரத்தில் இருப்பவை தெரியும். இப்போது எங்கள் வீட்டு முற்றத்துக்குத் திரும்பி வாருங்கள். கோழி ஓரத்தில் ஓடியது. சின்னம்மா நேரே நின்றார்.

இப்படிப்பட்டவர்கள் பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் தோளையோ காதையோ பார்ப்பதுபோல் தோன்றும். அது அலட்சியமன்று. நடுவில் உள்ள மறைப்பை ஒதுக்கிவிட்டு விழித்திரையின் நல்ல பகுதியால் நம்மைப் பார்க்கும் வித்தை. பலர் இதைத் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். பெரிய கண் மருத்துவமனைகளில் உள்ள குறைபார்வைப் பிரிவில் இதற்கென்றே பயிற்சியும் தருகிறார்கள்.

ஒரு கட்டத்தாள் போதும்

மஞ்சட்புள்ளித் தேய்வு இரண்டு வகைப்படும். ஒன்று மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வருவது. மற்றொன்றில் விழித்திரைக்கு அடியில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன; சில நாள்களிலோ வாரங்களிலோ பார்வையைக் கெடுத்துவிடும். இந்த இரண்டாவது வகைக்கு, கண்ணுக்குள் ஊசி மூலம் செலுத்தும் மருந்துகள் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பழக்கத்துக்கு வந்தன. காலத்தோடு போட்டால் மேலும் கெடாமல் காக்கலாம். சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்புவதும் உண்டு. நாள் கடத்தினால் பயனில்லை. ஆகவே தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது மிக முக்கியம்.

அதற்கு மார்க் ஆம்ஸ்லர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் கண்ட வழி மிக எளியது. ஒரு வெள்ளைத்தாளில் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். அதற்குள் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுத்தால் 400 சிறு கட்டங்கள் கிடைக்கும். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். பாட்டி தம்முடைய படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, தாளை 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்து அந்தப் புள்ளியை மட்டும் பார்க்கட்டும். பிறகு மறு கண். கோடுகள் எங்காவது நெளிகின்றனவா? கட்டங்கள் எங்காவது காணாமற்போகின்றனவா? அப்படியானால் "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாமல் அந்த வாரத்திலேயே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். தந்திக் கம்பம் வளைந்திருக்கிறது, கதவு நிலை கோணலாக இருக்கிறது என்று ஒரு முதியவர் சொன்னால், அவர் கண் கட்டத்தாள் இல்லாமலே சோதனை செய்துவிட்டது என்று பொருள்.

ஒரு கண்ணைப் பொத்திப் பார்ப்பதில்தான் இந்தச் சோதனையின் உயிர் இருக்கிறது. இரண்டு கண்களும் திறந்திருந்தால் ஒரு கண்ணின் குறையை மற்றது மூடி மறைத்துவிடும். ஒரு கண் கெட்டுப்போனதே தெரியாமல் பலர் இருப்பது இதனால்தான்.

வேறு இரண்டு புதிர்கள்

முதியோர் கண்ணின் குறைகள் எல்லாம் ஒன்றல்ல. நாற்பது வயதுக்கு மேல் செய்தித்தாளை எட்டப் பிடித்துப் படிக்கும் வெள்ளெழுத்து நோயே அன்று. விழி லென்ஸின் நெகிழ்ச்சி குறைவதால் எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் தீர்ந்தது.

"வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, அந்தி நேரத்தில் நன்றாகத் தெரிகிறது" என்று ஒருவர் சொன்னால் கண்புரையைச் சந்தேகிக்கலாம். வெளிச்சத்தில் கண்பாவை சுருங்குகிறது. அப்போது ஒளி முழுவதும் லென்ஸின் நடுப்பகுதி வழியாகவே போக வேண்டும். அங்கே புரை படர்ந்திருந்தால் ஒளி சிதறிக் கண் கூசும். அந்தியில் பாவை விரிவதால் ஓரங்கள் வழியாகவும் ஒளி நுழைகிறது. முன்பெல்லாம் புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டு, 'சோடாபுட்டி' என்று நாம் கேலி செய்த தடித்த கண்ணாடியைக் கொடுப்பார்கள். லென்ஸுக்குப் பதில் லென்ஸ் வைக்கும் வழியை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-ல் தொடங்கி வைத்தார். போரில் விமானிகளின் கண்ணில் பாய்ந்த பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் வெறுத்து ஒதுக்காததைக் கவனித்தவர் அவர். டாக்டர் கோ. வெங்கடசாமி, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவைச் சிகிச்சை செய்தவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் துணை நிறுவனமான ஆரோலேப் 1992 முதல் இந்த லென்ஸை மதுரையிலேயே மலிவாகச் செய்து வருகிறது. எனவே கண்புரைக்காக இன்று ஒருவர் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. புரை பழுக்கட்டும் என்று காத்திருப்பதும் பழைய காலத்துப் பேச்சு.

இரண்டாவது புதிர் இதற்கு நேர் மாறானது. தாத்தா பொடி எழுத்தையும் படிக்கிறார். ஆனால் நடக்கும்போது கதவில் இடித்துக்கொள்கிறார், வாசற்படியில் தடுக்கி விழுகிறார். "கவனம் போதாது" என்று வீட்டார் சொல்கிறார்கள். இது கண்ணழுத்த நோயாக இருக்கலாம். பார்வை நரம்பின் இழைகள் சிதைவதால் ஓரப் பார்வை முதலில் சுருங்குகிறது. இரண்டு காகிதக் குழல்களைக் கண்களில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். மெதுவாக நடங்கள், அருகில் ஒருவர் நிற்கட்டும்! இழந்த இழை திரும்ப வளராது. மிச்சத்தைச் சொட்டு மருந்து காக்கும். ஆனால் நாள் தவறாமல் விட வேண்டும். வலியும் இல்லை, உடனே பயனும் தெரியாது என்பதால் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சொட்டு மருந்தை நினைவூட்டுவதைப் பேரப்பிள்ளைகள் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளலாம். இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. தாத்தாவுக்கு இருந்தால் அப்பாவும் அத்தையும் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை விழித்திரைச் சோதனை வேண்டும்.

பௌதிகப் பாடம் வீட்டுக்கு வருகிறது

மருத்துவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்த பிறகும் பார்வை முழுவதும் திரும்பாதவர்கள் உண்டு. "இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. எனக்குப் பிடிக்காத பேச்சு அது. எஞ்சிய பார்வை எவ்வளவு குறைவானாலும் அதற்கு மூன்று வகையில் உதவலாம்: ஒளி, அளவு, நிற வேறுபாடு. மூன்றும் உங்கள் பாடநூலில் உள்ளவையே.

முதலில் ஒளி. வயது ஏற ஏறக் கண்பாவை சிறுத்துப்போகிறது. விழி லென்ஸும் மஞ்சளிக்கிறது. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்குப் போதுமான விளக்கு தாத்தாவுக்கு அரையிருட்டு! அதற்காகப் பெரிய விளக்கு வாங்க வேண்டியதில்லை. ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். சுவரில் 2 மீட்டர் தொலைவில் எரியும் பல்பைப் புத்தகத்துக்கு அரை மீட்டர் அருகில் கொண்டுவந்தால் தொலைவு நாலில் ஒன்றாகும். ஒளி 16 மடங்காகும். மின் கட்டணம் ஒரு பைசாகூட ஏறாது. விளக்கு தோளுக்குப் பின்னாலிருந்து தாள்மேல் விழ வேண்டும். கண்ணில் நேராக அடிக்கக் கூடாது. இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். முதியோர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது பெரிய துன்பம். அதன் முன்னே அந்தச் சிறு விளக்கின் செலவு ஒரு செலவா?

அடுத்தது அளவு. 40 சென்டிமீட்டரில் உள்ள எழுத்தை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் விழித்திரையில் அதன் பிம்பம் இருமடங்காகும். முதிய கண்ணால் அவ்வளவு அருகில் குவிக்க முடியாது என்பதால் அதற்கேற்ற கண்ணாடியோ உருப்பெருக்கியோ தேவைப்படும். தொலைக்காட்சிக்கு இந்தத் தொல்லையும் இல்லை. 3 மீட்டரிலிருந்து 1 மீட்டருக்கு நாற்காலியை நகர்த்தினால் படம் மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். "கிட்டப் போனால் கண் கெட்டுவிடும்" என்று பாட்டியை விரட்டாதீர்கள், கெடாது. உருப்பெருக்கியைப் பலர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டு எழுத்துக்குமேல் தெரியவில்லை என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். அதைக் கண்ணுக்கு அருகே வைத்து, தாளை லென்ஸின் குவியத் தூரத்துக்குக் கொண்டுவந்தால் ஒரே நேரத்தில் பல எழுத்துகள் தெரியும். சக்தி மிகுந்த லென்ஸின் குவியத் தூரம் குறைவு என்பதையும் மறவாதீர்கள். 20 டயாப்டர் லென்ஸுக்கு அது 5 சென்டிமீட்டர்தான். எந்தச் சக்தி வேண்டும் என்பதைக் குறைபார்வைப் பிரிவில் அளந்து சொல்வார்கள். கடைத்தெருவில் கிடைத்ததை வாங்கிக் கொடுப்பது வீண். இன்றைய கைப்பேசியும் நல்ல உருப்பெருக்கிதான்; எழுத்தை உரக்கப் படித்துக் காட்டவும் அதற்குத் தெரியும். அந்த அமைப்பைத் திறந்து கொடுப்பது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. பாட்டிக்குப் பழக்கிக் கொடுக்க ஐந்து வாரம் ஆகலாம்.

மூன்றாவதான நிற வேறுபாட்டைத்தான் நாம் அதிகம் மறந்துவிடுகிறோம். வெள்ளைத் தட்டில் இட்லி, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், சாம்பல் நிறச் சிமெண்டுப் படிக்கட்டு ஆகியவற்றில் பொருளும் பின்னணியும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பசுமையான வாழையிலையில் வெள்ளைச் சோறு வைத்தால் விளிம்பு பளிச்சென்று தெரியும். இலையில் உப்பும் ஊறுகாயும் கூட்டும் அதனதன் இடத்தில் விழுவதால், வாழ்நாள் முழுதும் இலையில் உண்டவருக்குப் பாதி வேலையைக் கையே பார்த்துக்கொள்ளும். தினமும் இலைக்கு எங்கே போவது என்கிறீர்களா? கருநிறத் தட்டு ஒன்று போதும். மோருக்குக் கருநிறக் கோப்பை, காப்பிக்கு வெள்ளைக் கோப்பை. படிகளின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் வண்ணம் பூசிவிடுங்கள்.

மருந்துப் பட்டையில் வெள்ளித் தாளின்மேல் பொடி எழுத்தை அச்சடித்தவரை என்ன சொல்வது! காலை மாத்திரைப் பெட்டிக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மாத்திரைக்கு இரண்டு என்று போட்டுவிட்டால் விரலே படித்துவிடும். படிப்பதற்கும் ஒரு கருவி செய்யலாம். கறுப்பு அட்டையில் ஒரு வரி மட்டும் தெரியும் அளவுக்கு நீண்ட துளை வெட்டுங்கள். அதைத் தாளின்மேல் வைத்து நகர்த்தினால் கூச்சமும் குறையும், வரியும் தவறாது.

ரூபாய் நோட்டு வேறு சிக்கல். 100, 200, 500 ரூபாய் நோட்டுகளின் நீளம் முறையே 142, 146, 150 மில்லிமீட்டர். அகலம் மூன்றுக்கும் 66. இந்த 4 மில்லிமீட்டர் வேறுபாட்டை விரலால் உணர்வது எளிதன்று. 100-ல் முக்கோணமும் 500-ல் வட்டமும் மேடாக அச்சிடப்பட்டுள்ளன; ஆனால் நோட்டு பழசானால் மேடு தேய்ந்துவிடும். நோட்டின் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்டது. அதைவிட எளிய வழி, 100-ஐ ஒரு மடிப்பும் 500-ஐ இரண்டு மடிப்புமாகப் பையில் வைத்துக் கொடுப்பது.

இல்லாத மனிதர்கள்

பார்வை குறைந்த முதியவர்கள் சிலர் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அறையில் யாரோ நிற்பதுபோலவும், குழந்தைகள் விளையாடுவதுபோலவும், சுவரெங்கும் கோலம் போட்டிருப்பதுபோலவும் அவர்களுக்குக் காட்சிகள் தோன்றும். சொன்னால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள், அல்லது புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள் என்று அஞ்சி வாயைத் திறப்பதில்லை.

இதை முதன்முதலில் விவரமாக எழுதியவர் ஒரு பேரன்! ஜெனீவா நகரத்து இயற்கையியலாளர் சார்லஸ் போனே, செடிப்பேன்கள் ஆணின்றியே குட்டி போடுவதைத் தம் இளவயதில் கண்டறிந்தவர். அவருடைய தாத்தா சார்லஸ் லுலின் தொண்ணூறு வயதை நெருங்கியபோது, கண்புரையால் பார்வை மிகவும் குறைந்திருந்தது. ஆனால் ஆண்களும் பெண்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் அவருக்குத் தோன்றின. தாத்தாவின் அறிவு தெளிவாகவே இருந்தது. அவை மெய்யல்ல என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. பேரன் சிரிக்கவில்லை, பயப்படவுமில்லை. கேட்டுக் குறித்துக்கொண்டு 1760-ல் தம் நூலில் எழுதினார். இன்று மருத்துவர்கள் இந்நிலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். கண்ணிலிருந்து வர வேண்டிய செய்தி குறைந்துபோகும்போது, மூளையின் பார்வைப் பகுதி தானாகவே படம் வரைய ஆரம்பிக்கிறது என்பது விளக்கம். இந்த உருவங்கள் பேசுவதில்லை. கண்ணை இடமும் வலமும் ஓட்டினாலோ விளக்கைப் போட்டாலோ பெரும்பாலும் கலைந்துவிடும். இத்தகைய காட்சிகளுக்கு வேறு நோய்களும் காரணமாகலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் இப்படி ஒன்று உண்டு, இது பைத்தியமன்று என்று கேட்டமாத்திரத்தில் அந்த முதியவருக்கு ஏற்படும் நிம்மதி பெரிது. உங்கள் பாட்டியிடம் நீங்களாகவே பேச்சை எடுத்துக் கேட்கலாம்.

கருவியும் காசும் வேண்டாத உதவி ஒன்றும் இருக்கிறது. அறைக்குள் நுழையும்போது "நான்தான் பாட்டி, செல்வி வந்திருக்கிறேன்" என்று பெயரைச் சொல்லிக்கொண்டே நுழையுங்கள். "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று சோதனை வைக்காதீர்கள். எடுத்த சாமானை எடுத்த இடத்தில் வையுங்கள். கதவை முழுவதும் திறந்து வையுங்கள், அல்லது முழுவதும் மூடுங்கள். புறப்படும்போது "போய்வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இல்லாவிட்டால் பாட்டி நீங்கள் எழுந்து போனது தெரியாமல் காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருப்பார்.